ஐஸ்காரர் கைக்குத் தெரிந்த காய்ச்சல்

தெருவில் அவரை ஐஸ்காரர் என்பார்கள். அவர் ஒருநாளும் ஐஸ் விற்றதில்லை. புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளைகள் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, மாலையில் அவர் திரும்பும்போது பின்னாலேயே வந்து பையை எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே காலிச் சாப்பாட்டு டப்பாவும் இரண்டு ஜோடி கம்பளிக் கையுறையும் இருக்கும். அப்படி ஏமாந்த ஒரு பையன், "அப்புறம் எதுக்கு இந்தப் பேரு வச்சிருக்கீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டான். ஐஸ்காரர் கொஞ்சம் யோசித்து, "நான் வைக்கலப்பா, உங்க மாதிரி ஆளுங்க வச்சதுதான்" என்றார்.

அவருக்கு மீன் குளிர்கிடங்கில் வேலை. கிடங்கின் உள்ளறை எப்போதும் மைனஸ் இருபது டிகிரியில் இருக்கும். கனமான கதவு, அதற்கு உள்ளே பட்டை பட்டையாகத் தொங்கும் பிளாஸ்டிக் திரை. திரையைத் தாண்டினால் மூச்சு வெள்ளைப் புகையாகும். இமை மயிரில் பனி கோத்துக்கொள்ளும். மூக்கு ஒழுகுவது தெரியாது. ஒழுகியது உறைந்த பிறகுதான் தெரியும். சுமை தூக்குபவராகச் சேர்ந்தவர், பெட்டிகளைத் தோளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, லாரியில் வரும் சரக்கைச் சோதிக்கும் ஆள் என்ன செய்கிறான் என்று கவனித்துக் கவனித்து, பிற்பாடு அந்த வேலைக்கே வந்துவிட்டார். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தது, கேட்டது, தப்புச் செய்து திட்டு வாங்கியது, அவ்வளவுதான் அவர் படிப்பு.

சரக்கைச் சோதிக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, கிடங்கில் எல்லோரும் துப்பாக்கி என்று சொல்வது. பெட்டிக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும். சின்னத் திரையில் பெட்டியின் வெப்பம் எண்ணாகத் தெரியும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். இன்னொன்று முள். உறைந்த மீன் கட்டியில் துளை போட்டு, நீளமான முள்ளை உள்ளே செருகி, எண் ஓடி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். துப்பாக்கி பெட்டியின் மேற்புறத்தை மட்டும் சொல்லும். உள்ளே இருப்பது முள்ளுக்குத்தான் தெரியும்.

ஐஸ்காரர் இரண்டையும் செய்யாமல் ஒரு லாரியையும் இறக்க விட்டதில்லை. வழியில் குளிர்ச் சாதனத்தை நிறுத்தி வைத்துவிட்டு, கிடங்கு நெருங்கும்போது மட்டும் முழு வேகத்தில் ஓட விடும் டிரைவர்கள் உண்டு. அந்தப் பெட்டிகள் வெளியே கல்லாக இருக்கும். உள்ளே மீன் கசிந்துகொண்டிருக்கும்.

"துப்பாக்கில சரியாத்தானே காட்டுது. எதுக்குண்ணே இப்படிப் போட்டுக் குத்துறீங்க?" என்று டிரைவர் சலித்துக்கொள்வான்.

"துப்பாக்கி சட்டையைப் பார்த்துச்சு. நான் ஆளைப் பார்க்கணும்" என்பார் ஐஸ்காரர்.

கிடங்கில் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு மட்டும் மதிப்பே கிடையாது. புதிதாக வந்தவன் எவனாவது பெட்டியைத் தடவி, "நல்லாத்தான் உறைஞ்சிருக்கு" என்றால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தாடிக்காரன் வண்டியிலிருந்தபடியே, "ஐயா ஜோசியர் வந்திருக்காரு, எல்லாரும் கையைக் காட்டுங்க" என்பான். குளிரில் வேலை செய்கிறவன் கை எதையும் சரியாகச் சொல்லாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஐஸ்காரரின் விரல் நுனிகள் மரத்துப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் கழுவினாலும் உள்ளங்கை கூழாங்கல் மாதிரி குளிர்ந்தே இருக்கும். அந்தக் கைக்கு உலகத்தில் எல்லாமே சூடு. கதவுக் கைப்பிடி சூடு. நாற்காலி சூடு. மகள் நெற்றி எப்போதும் கொதிக்கும்.

அவர் மனைவிக்கு இதற்கு நேர்மாறான கை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும் சலவை நிலையத்தில் அவளுக்கு இஸ்திரி வேலை. பெரிய விரிப்புகளைச் சூடான உருளை இழுத்துக்கொள்ளும். தலையணை உறைகளைக் கைப்பெட்டியால் தேய்க்க வேண்டும். துணி காய்ந்துவிட்டதா என்று நாளெல்லாம் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்ததில் அவள் கை காய்ந்து, வழுவழுப்பாகி, வீடு வந்த பிறகும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் வளர்ந்தது ஒரே ஒரு பெண். இரண்டாம் வகுப்புப் படித்தாள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். "பல் தேய்" என்றால், "நேத்துத் தேய்ச்சது எங்கே போச்சு?" என்பாள். "தூங்கு" என்றால், "நீங்க தூங்கலையே, அப்ப நான் மட்டும் ஏன்?" என்பாள். வாதத்தில் தோற்கும் நிலை வந்தால், "எனக்குப் பசிக்குது" என்று வழக்கை ஒத்திவைப்பாள்.

வக்கீலுக்கு உடம்பு சுடுகிறது என்று ஐஸ்காரர் சொல்லாத மாதமில்லை. ஆரம்பத்தில் மனைவியும் நம்பினாள். ஒருமுறை கொட்டும் மழையில் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கிருந்த நர்ஸ் குழந்தையைப் பார்த்துவிட்டு, ஐஸ்காரரின் கையைத் தொட்டுப் பார்த்து, "சார், உங்களுக்குத்தான் ஏதாவது பார்க்கணும் போல" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் காய்ச்சல் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் முழுக்க மனைவி கைக்குப் போய்விட்டது. அவள் கையை மீறி ஒரு காய்ச்சல் வந்ததில்லை. அவள் இல்லை என்று சொன்ன காய்ச்சல் இருந்ததுமில்லை. வீட்டில் இருந்த தெர்மாமீட்டர் பேட்டரி தீர்ந்து எங்கோ கிடந்தது. யாரும் அதைத் தேடவில்லை.

ஊரெல்லாம் சுற்றிய வைரஸ் காய்ச்சல் கிடங்குக்கும் வந்தது. மூடிய அறை, குளிர், ஒருவர் தோளில் இன்னொருவர் இடிக்க வேலை. ஒருவர் பாக்கியில்லாமல் இருமினார்கள். ஐஸ்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் படுத்து எழுந்தார். மனைவி இரண்டு நாள் தலைவலியோடு வேலைக்குப் போனாள். வக்கீலுக்கு ஒரு பொழுது மூக்கு ஒழுகியது. அதையும் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டு, கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். "கொடுத்து வச்ச உடம்பு" என்றாள் அம்மா. காய்ச்சல் ஊரை விட்டுப் போயிற்று. அப்படி ஒன்று வந்ததையே மறந்துவிட்டார்கள்.

நான்கைந்து வாரம் கழித்து ஒருநாள் வக்கீல் பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் வாந்தி எடுத்தாள். மாலையில் ஐஸ்காரர் வந்து நெற்றியில் கை வைத்தார்.

"சுடுதே" என்றார்.

"உங்க கைக்குத் தண்ணிக் குடம்கூடக் காய்ச்சல்காரன்தான். தள்ளுங்க" என்று மனைவி தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "ஒண்ணுமில்லை. எதையோ வாங்கித் தின்னிருக்கா. ஏய், என்னடி தின்னே?"

"ஒண்ணும் திங்கல."

"ஒண்ணும் திங்காம வயிறு எப்படி வலிக்கும்?"

இதற்கு ஒரு பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வக்கீல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளும் வலி இருந்தது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஐஸ்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தார். சுட்டது. ஆனால் அவர் கைக்குச் சுடாதது எது? வேலை நேரம் முழுக்க அவருக்கு அதே நினைப்பாக இருந்தது. முள்ளைக் குத்திக் காத்திருக்கும் நேரத்தில் மனம் வீட்டுக்குப் போய்விட்டது. தாடிக்காரனிடம் சொன்னார்.

"உன் வீட்டம்மா கை என்ன சொல்லுது?"

"இல்லைங்கிறா."

"அப்ப இல்லை" என்றான் தாடிக்காரன். "உன் கையை நம்பினா என் வண்டிக்குக்கூட ஊசி போடணும்."

சிரித்துவிட்டு, தாடிக்காரனே ஒரு யோசனையும் சொன்னான். "இவ்வளவு சந்தேகம்னா துப்பாக்கியை எடுத்துட்டுப் போயேன். காலையில கொண்டாந்துடு. யார் கேட்கப் போறாங்க?"

ஐஸ்காரருக்கு அது நல்ல யோசனையாகப்பட்டது. கையும் கையும் சண்டை போட்டால் தீராது. கருவி சொன்னால் முடிந்தது. முள்ளை எடுத்துப்போக முடியாது. மீனில் குத்திய முள்ளைப் பிள்ளை வாயில் வைப்பதாவது. துப்பாக்கி எதையும் தொடுவதில்லை. அதைக் கையுறைகளுக்கு நடுவில் வைத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி அப்போதுதான் வக்கீலுக்கு முகம் கழுவி விட்டிருந்தாள்; பிள்ளை மறுபடியும் வாந்தி எடுத்திருந்தாள். வயிற்று வலிக்கென்று மதியமே வீட்டிலிருந்த, வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற மருந்தையும் கொடுத்திருந்தாள். ஐஸ்காரர் பையைப் பிரித்ததும், "என்னது இது?" என்றாள்.

"கிடங்குத் துப்பாக்கி. அளந்துடலாம்."

"மீனை அளக்கிறதா?"

"எதையும் அளக்கும்."

"அம்மா, நான் மீனா?" என்றாள் வக்கீல் மெல்லிய குரலில். அன்றைக்கு அவள் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான். இரண்டு பேருக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சிவப்புப் புள்ளி ஈர நெற்றியில் விழுந்தது. முப்பத்தாறரை. நல்ல உடம்புக்கு முப்பத்தேழு என்று ஐஸ்காரருக்குத் தெரியும். மறுபடி அழுத்தினார். முப்பத்தாறரைக்கும் ஒரு புள்ளி கீழே. மனைவி அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவர் துப்பாக்கியைப் பைக்குள் வைத்தார். அவருக்கு அவமானமாக இல்லை. நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியோடுதான் தெருமுனை டாக்டரிடம் போனார்கள். கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. டாக்டர் வக்கீலின் வயிற்றை அழுத்திக்கொண்டே, "காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றாள் மனைவி.

"அளந்து பார்த்தோம்" என்று சேர்த்தார் ஐஸ்காரர். "இரண்டு தடவை."

அளந்து பார்த்து வரும் பெற்றோரை அந்த டாக்டர் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது. "அது நல்ல பழக்கம்" என்று சொல்லி, வயிற்றுக்கு மருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எழுதிக் கொடுத்தார். சரியாகவில்லை என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அடுத்த நாள் வக்கீலின் கண்கள் சிவந்திருந்தன. பீளை இல்லை, வெறும் சிவப்பு. அழுது அழுது சிவந்ததென்று அம்மா நினைத்தாள். உதடு வெடித்து, மருதாணி வைத்ததுபோல் சிவந்தது. தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்தாள். உடம்பு துடைக்கும்போது மார்பிலும் முதுகிலும் செந்திட்டுகளைப் பார்த்தாள். மருந்து சேரவில்லை என்று நினைத்து மருந்தை நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒரு காரணமும் இல்லை. நெற்றியைத் தொட்டபோது கொஞ்சம் சூடு தெரிந்ததாக அவளுக்குப் பட்டது. ஆனால் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் அப்போதுதான் வந்திருந்தாள். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். தன் கையின் சூடா, பிள்ளையின் சூடா என்று சரியாகத் தெரியவில்லை. கணவரிடம் சொல்லவில்லை.

விடிந்ததும் ஐஸ்காரர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டார். வக்கீல் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கிடந்தாள். பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளி மூடிவிடலாம் என்று பாதத்தைப் பிடித்தார்.

குளிர்ந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார். மறுபடி பிடித்தார். அவர் கைக்குக் குளிர்ந்தது. எத்தனையோ வருடமாக, கிடங்குக்கு வெளியே அந்தக் கைக்கு எதுவும் குளிர்ந்ததில்லை. சுவர் குளிர்ந்ததில்லை, குழாய்த் தண்ணீர் குளிர்ந்ததில்லை. குளிர்ச்சி என்றால் என்ன என்று அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் கிடங்கிலிருக்கும் பெட்டிகளிடமிருந்துதான். அவர் மற்றொரு பாதத்தைத் தொட்டார். விரல்களைத் தொட்டார். நெற்றியைத் தொட்டார். நெற்றி கொதித்தது.

மனைவியைக் கூப்பிடவில்லை. அவள் கையை வைத்துப் பார் என்று சொல்லவில்லை. பிள்ளையைப் போர்வையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அடுப்படியில் இருந்தவள் சத்தம் கேட்டு ஓடிவந்து, "என்னங்க, என்னாச்சு, எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள்.

"கால் குளிருது" என்றார்.

"குளிருதா? உங்களுக்கா?"

அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ் ஒருத்தி வக்கீலின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். அது கத்தியதும் எடுத்துப் பார்த்து, பக்கத்திலிருந்தவளிடம் காட்டினாள். முப்பத்தொன்பதரை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பட்டையை மாற்றி மறுபடி பார்த்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் வேகமாக நடந்தார்கள். வயிற்றில் கை வைத்தாலே பிள்ளை முனகியதால், குடல்வால் வீங்கி வெடித்திருக்குமோ என்று அறுவை சிகிச்சை டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவர் வருவதற்குள் குழந்தைகள் பிரிவின் தலைமை டாக்டரம்மா வந்தார். கண்களைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். கொஞ்சம் வீங்கியிருந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெற்றோர் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

"இன்னைக்குத்தான்" என்றாள் மனைவி. "அதுக்கு முன்னாடி இல்லை டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது எனக்கு ரொம்ப முக்கியம். இன்னைக்கு வந்த காய்ச்சல்னா நான் ஒண்ணு யோசிக்கணும். நாலு நாளா இருந்ததுன்னா வேற யோசிக்கணும்."

ஐஸ்காரர் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அவர் கை சொன்னது மட்டும். அது சாட்சி சொல்லத் தகாத கை. மருத்துவமனையில் ஒருமுறை சிரிப்பாய்ச் சிரித்த கை. பொய்யான தகவல் கொடுத்து டாக்டரைத் தப்பான பக்கம் அனுப்பிவிட்டால்? சொல்லாமல் விட்டாலும் அதேதான் நடக்கலாம்.

அவர் வாய் திறப்பதற்குள் மனைவி பேசினாள். "அவர் சொன்னாரு டாக்டர். முதல் நாளே சுடுதுன்னாரு. நான்தான் இல்லைன்னுட்டேன்."

"அப்ப அளந்ததா எழுதியிருக்கே?" தெருமுனை டாக்டரின் சீட்டு டாக்டரம்மாவின் கையில் இருந்தது.

"அளந்தோம்" என்றார் ஐஸ்காரர். "முப்பத்தாறரை காட்டுச்சு."

"எதுல?"

"துப்பாக்கில. கம்பெனியில இருந்து எடுத்துட்டு வந்தேன்."

"என்ன கம்பெனி?"

"மீன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எங்க வச்சு அளந்தீங்க?"

"நெத்தியில. முகம் கழுவியிருந்துச்சு. ஈரம்."

"அது வெளித்தோலை மட்டும்தான் பார்க்கும். அதுவும் ஈரத்தோல்னா இன்னும் குறைச்சுக் காட்டும். உள்ளே எவ்வளவு இருக்குன்னு..."

"தெரியும் டாக்டர்" என்றார் ஐஸ்காரர்.

டாக்டரம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். "போன ஒன்றரை மாசத்துல வீட்டுல யாருக்காவது அந்த வைரஸ் காய்ச்சல் வந்துச்சா?"

"எனக்கு வந்துச்சு. அவளுக்கும். பிள்ளைக்குச் சும்மா மூக்குதான் ஒழுகுச்சு."

"அது போதும்" என்றார் டாக்டரம்மா. நர்ஸிடம் இதயத்தைப் படம் பிடிக்கும் ஆளை உடனே வரச் சொன்னார்.

பிறகு வராந்தாவில் நிறுத்தி விளக்கினார். வைரஸ் போய்விட்டது. அதை எதிர்க்க உடம்பு எழுப்பிய வேகம் அடங்கவில்லை. அது இப்போது சொந்த உடம்பையே வீங்க வைக்கிறது. குடல் வீங்குவதால்தான் வயிற்று வலி, குடல்வால் அல்ல. ரத்தக்குழாய்கள் வீங்கியதால் கண்ணும் உதடும் சிவப்பு. இதயமும் சேர்ந்து வீங்கியிருக்கிறது. அதனால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியவில்லை. கால் குளிர்ந்தது அதனால்தான். ரொம்ப அரிதாகச் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். முதலில் வந்த காய்ச்சல் லேசாக இருந்த பிள்ளைகளுக்கும் வரலாம்.

"யாரு செஞ்ச தப்பாலயும் வர்றதில்லை" என்றார் போகும்போது.

ஐஸ்காரர் தலையாட்டினார். வந்ததைப் பற்றி அவருக்குக் கேள்வி இல்லை; வந்தது தெரியத் தாமதமானதைப் பற்றித்தான்.

வக்கீலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பல பேர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த இன்னொரு குழாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை; இந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மனைவி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ்காரர் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "நாற்காலி சூடா இருக்கு" என்றார். பழக்கத்தில் வந்த பேச்சு. அதைக் கேட்டதும் அவள் அழ ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்னப்பவே வந்திருக்கணும். என் கையை வெட்டிப் போடணும்."

"வெட்டிட்டா தலையணை உறை யாரு தேய்ப்பா?" என்றார். அவள் முறைத்தாள். அவர் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன் கையை விடு. ஒரு லாரி வருது. துப்பாக்கியால மட்டும் பார்த்து இறக்கிட்டேன்னு எவனாவது சொன்னா, நான் அவனை என்ன செய்வேன் தெரியுமா?" என்றார்.

"என்ன செய்வீங்க?"

"மறுநாள் வர வேண்டாம்னுடுவேன்."

"ஈரமா இருந்துச்சுல்ல. நான்தானே கழுவினேன்."

"ஈரம் இல்லைன்னாலும் அது சட்டையைத்தான் பார்க்கும். எனக்கு அது தெரியும். ஊருக்கே சொல்லிட்டுத் திரியிறேன். எண்ணு நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்." அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "நல்ல எண்ணா இருந்தா யாருக்கும் முள்ளைக் குத்தத் தோணாது."

அதற்கு மேல் அவர்கள் யார் தப்பு என்று பேசவில்லை. பேசுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன: யார் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருவது, பள்ளிக்கூடத்தில் யார் சொல்வது, நர்ஸ் இந்தப் பக்கம் திரும்பும்போது யார் கேட்பது. கிடங்கிலிருந்து தாடிக்காரன் வந்தான். வாசலிலேயே நின்று, "நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டா" என்றான். ஐஸ்காரர், "சொன்னது நீ. எடுத்தது நான்" என்று சொல்லி, திருப்பிக் கொடுக்க மறந்து, வீட்டிலிருந்து துணியோடு வந்த பையிலேயே கிடந்த துப்பாக்கியை அவனிடம் கொடுத்து அனுப்பினார்.

மருந்து ஏறி முடிந்த மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்து ரத்த அழுத்தக் குழாயைக் குறைத்துக் குறைத்து எடுத்தார்கள். நர்ஸ் ஐஸ்காரரை உள்ளே கூப்பிட்டு, பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "சூடா இருக்கா?"

"என் கைக்கு இருக்கும். அவங்க அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார். நர்ஸுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் கதை முடியவில்லை. இதயத்தின் துடிப்பு பழையபடி வந்துவிட்டது. ஆனால் இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்று இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தது. சுருங்கிவிடலாம் என்றார் டாக்டரம்மா. சுருங்கும் என்று சொல்லவில்லை. தினமும் ஒரு சின்ன மாத்திரை. நடக்கலாம், படிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, விளையாட்டு வகுப்பு கூடாது. அடுத்தடுத்த படங்களைப் பார்த்துத்தான் முடிவு.

ஐஸ்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போய் விளையாட்டு ஆசிரியரைப் பார்த்தார்.

"காய்ச்சல்தானே? இப்பத்தான் நல்லா இருக்காளே. பார்த்தாலே தெரியுதே" என்றார் ஆசிரியர்.

"பார்த்தா தெரியாது சார்" என்றார் ஐஸ்காரர். பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னார். ஆசிரியர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஐஸ்காரர் அதைக் கவனித்தும் நிறுத்தவில்லை. கடைசியில் ஆசிரியர் வக்கீலுக்கு விசில் ஊதும் வேலையைக் கொடுத்தார். முதல் வாரத்திலேயே இரண்டு அணிகளும் அவள் தீர்ப்பை எதிர்த்துத் தலைமை ஆசிரியரிடம் புகார் கொடுத்தன.

வீட்டில்தான் கஷ்டம். படியில் இரண்டிரண்டாகத் தாண்டுவாள். "ஏய்" என்பாள் அம்மா. கட்டிலில் ஏறி நிற்பாள். "இறங்கு" என்பார் அப்பா. "சும்மா நிக்கிறது குதிக்கிறதா?" என்று அவள் கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் இதயப் படம் எடுக்கப் போகும்போது ஐஸ்காரர் திரையைப் பார்ப்பதில்லை. எடுப்பவரின் முகத்தையும் பார்ப்பதில்லை. எண்ணைச் சொன்னால், "எந்த எடத்துல அளந்தீங்க?" என்று கேட்பார். "போன தடவையும் அதே எடமா?" என்பார். எடுப்பவர் முதலில் எரிச்சல்பட்டார். அப்புறம் பழகி, "வாங்க சார், முதல்லேருந்து காட்டிடுறேன்" என்று தானே திரையைத் திருப்ப ஆரம்பித்தார்.

இரண்டாவது படத்தில் குழாய் அப்படியே இருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதற்கடுத்த படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பழைய படங்களையும் வரவழைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மாத்திரையை நிறுத்தலாம் என்றார்.

"ஓடலாமா?" என்று கேட்டாள் வக்கீல்.

"ஓடலாம்."

"குதிக்கலாமா?"

"குதிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து காட்டிட்டுப் போகணும்."

"எதுக்கு? அதான் சரியாயிடுச்சே?"

"சரியாத்தான் இருக்கான்னு பார்க்க" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வக்கீல் கையை உருவிக்கொண்டாள். நிறுத்தத்திலிருந்து வீடுவரை நேரான தெரு. இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. ஓட ஆரம்பித்தாள். தையல் கடையைத் தாண்டி, சைக்கிள் பழுது பார்க்கிறவனைத் தாண்டி, விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொள்ளாமல் வளைந்து ஓடினாள். அவர்கள் பின்னால் நடந்தார்கள். முதலில் சாதாரணமாக, பிறகு கொஞ்சம் வேகமாக. வீட்டு வாசலில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"என்னங்க, மூச்சு வாங்குது பாருங்க" என்றாள் மனைவி.

ஐஸ்காரர் நின்று பார்த்தார். பிள்ளை நிமிர்ந்து, பூட்டிய கதவைத் தட்டி, சாவியைக் கொண்டுவரச் சொல்லிக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கும். ஓடினா வாங்கத்தான் செய்யும்" என்றார்.